ஜீப்பில் இரண்டாம் பற்றரி பொருத்தும் முறை

திருகோணமலையிலிருந்து வடக்கே குச்சவெளி, புல்மோட்டைப் பக்கமாகவோ, தெற்கே மூதூர், வெருகல் பக்கமாகவோ ஜீப்பில் போய்க் கரையிலோ வயற்காட்டிலோ இரவு தங்குபவர்களில் பலர் இப்போது ஐஸ் கட்டியை நம்பியிருப்பதில்லை. 12 வோல்ற்றில் ஓடும் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்றைப் பின்னால் ஏற்றிக்கொள்கிறார்கள். மீனும் குடிதண்ணீரும் அதில் கெடாமல் இருக்கும். ஆனால் வண்டியில் உள்ள ஒரே பற்றரியிலிருந்து இரவு முழுவதும் மின்னை எடுத்தால், விடியற்காலையில் சாவியைத் திருப்பும்போது 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டுமே வரும். யானை நடமாடும் கோமரங்கடவலக் காட்டுப்பாதையில், தள்ளிவிடவும் ஆளில்லாமல் அப்படி நிற்பது விளையாட்டுக் காரியமல்ல. இயந்திரத்தைக் கிளப்பும் பற்றரியில் குளிர்ப்பெட்டியோ விளக்கோ எந்த நிலையிலும் கைவைக்க முடியாதபடி செய்வதற்காகவே இரண்டாம் பற்றரி பொருத்தப்படுகிறது. ஆகவே எத்தனை பெரிய பற்றரி வாங்குவது என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொண்டு, இரண்டையும் எப்படிப் பிரித்துவைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

வண்டியையும் தேவையையும் அறிதல்

பொனட்டைத் திறந்ததும் ஏற்கெனவே இரண்டு பற்றரிகள் தெரிந்தால், வேலை பாதி முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில டீசல் லாண்ட் குரூசர்களில் அந்த இரண்டும் தொடராக இணைக்கப்பட்டு, இயந்திரத்தைக் கிளப்புவதற்கு 24 வோல்ற் கொடுக்கின்றன. வேறு சில வண்டிகளில் இரண்டும் சமாந்தரமாக இணைக்கப்பட்டு 12 வோல்ற்றில் ஒரே பற்றரிபோல வேலைசெய்கின்றன. முதல் வகையில் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற்றை இழுத்தால், அது மற்றதைவிட விரைவாக இறங்கி இரண்டுமே கெட்டுப்போகும். இரண்டாவது வகையில் உள்ள இரண்டும் கிளப்புவதற்கு உரியவை. குளிர்ப்பெட்டிக்கு உரியவை அல்ல. மல்ரிமீற்றரை எடுத்து, இரண்டின் வெளிமுனைகளுக்கு இடையிலும் வோல்ற்றளவை அளந்து பார்த்துவிட்டே தொடங்குங்கள். இங்கே சொல்லப்படுவது முழுவதும் 12 வோல்ற் வண்டிகளுக்கானது.

அடுத்து, இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் ஒல்டர்னேற்றர் (இயந்திரத்தால் சுழன்று மின்னை உண்டாக்கிப் பற்றரியை ஏற்றும் கருவி) எத்தனை வோல்ற் கொடுக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது எப்போதும் 13.8 முதல் 14.4 வரை நிற்கும். அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கணினியே அதை ஏற்றி இறக்கும். சில நேரங்களில் 12.5 வரைகூட இறங்கிவிடும். எந்தச் சாதனத்தால் பிரிக்க வேண்டும் என்பதை இந்த ஓர் அளவீடே பெரும்பாலும் சொல்லிவிடுவதால், ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஒருமுறையும், ஒரு நீண்ட ஓட்டத்தின் இடையில் இன்னொரு முறையும் அளப்பது நல்லது.

தேவையைக் கணக்கிடுவது கடினமல்ல. 40 லீற்றர் அளவிலான கொம்பிரசர் குளிர்ப்பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 4 அம்பியர் எடுக்கும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் அது பாதி நேரம் ஓடுகிறது என்று கொண்டால், மணிக்குச் சராசரி 2 அம்பியர். ஒரு நாளைக்கு 48 அம்பியர்-மணி. 10 வாற் எல்ஈடி விளக்கு ஐந்து மணிநேரம் எரிந்தால் 4 அம்பியர்-மணி. தொலைபேசிகளையும் சேர்த்துக்கொண்டால் நாளொன்றுக்கு 55 அளவில் வந்து நிற்கும். ஈயஅமிலப் பற்றரியை அதன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், 100 அம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பற்றரியில் நமக்கு உண்மையில் கிடைப்பது 50தான். மாலை ஆறு மணிக்கு நிறுத்தி மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்புபவருக்கு அது தாராளமாகப் போதும். இரண்டு பகல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பவருக்குப் போதாது.

எவ்வகைப் பற்றரி

கிளப்பும் பற்றரி சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. ஆழமாக இறக்கி ஏற்றும் வேலையைச் சில மாதங்கள்கூடத் தாங்காமல் போகலாம். இரண்டாம் பற்றரிக்கு ஆழ்சுழற்சி வகையே பொருத்தம். அதிலும் அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகை, குலுக்கலைத் தாங்கும், கசியாது, தண்ணீர் ஊற்றவும் தேவையில்லை. காட்டுப்பாதையில் ஓடுபவருக்கு விலை கூடினாலும் இதுவே தகும் என்பது என் கருத்து.

லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரி பாதி எடைக்கும் குறைவானது. கொள்ளளவில் பெரும்பகுதியையும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதை வெறும் றிலேயால் (தானாக இணைத்துப் பிரிக்கும் மின் ஆளி, விவரம் கீழே) ஒல்டர்னேற்றருடன் இணைக்கக் கூடாது. அதன் உள்தடை மிகக் குறைவாதலால் கிடைக்கும் மின்னோட்டம் அனைத்தையும் அது உறிஞ்சும். ஒல்டர்னேற்றர் அளவுக்கு மீறிச் சூடாகும். மேலும், ஓய்வில் இருக்கும்போதே அதன் வோல்ற்றளவு 13.2க்கு மேல் நிற்பதால், 12.8இல் பிரியவேண்டிய றிலே பிரியாமலே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது பிரித்துவைத்தோம் என்பது பெயரளவில் மட்டுமே இருக்கும். லித்தியம் வேண்டுமென்றால் கீழே சொல்லப்படும் டிசி-டிசி சார்ஜரும் கட்டாயம் வேண்டும்.

பிரிக்கும் சாதனம்

'அண்ணே, றிலே எல்லாம் என்னத்துக்கு, ரெண்டையும் நேரா இழுத்துவிடுவம்' என்று கராஜில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நேராக இணைத்த இரண்டு பற்றரிகள் ஒரே பற்றரிக்குச் சமம். இரண்டும் ஒன்றாக இறங்கும், காலையில் இரண்டும் ஒன்றாகக் கைவிடும்.

கையால் திருப்பும் ஆளி மலிவானது, ஆனால் அதைத் திருப்ப மறந்தால் மேலே சொன்ன கதைதான். டையோடு வகைப் பிரிப்பான்கள் 0.6 வோல்ற்றுக்கு மேல் விழுங்குவதால் இரண்டாம் பற்றரி ஒருபோதும் முழுதாக நிறையாது. மீதமிருப்பவை இரண்டு.

முதலாவது, வோல்ற்றளவை உணர்ந்து வேலைசெய்யும் றிலே. இயந்திரம் ஓடத் தொடங்கி, கிளப்பும் பற்றரியின் வோல்ற்றளவு ஏறத்தாழ 13.3ஐ அடைந்ததும் அது இரண்டையும் இணைக்கும். இயந்திரம் நின்று 12.8க்கு இறங்கியதும் பிரித்துவிடும். வேறு ஆளியும் வேண்டாம், சாவியிலிருந்து தனி வயரும் வேண்டாம். ஒல்டர்னேற்றர் எப்போதும் 14 வோல்ற்றை ஒட்டிக் கொடுக்கும் பழைய டிஃபென்டர், பழைய பஜிரோ போன்றவற்றுக்கும், இரண்டு பற்றரிகளும் அருகருகே இருக்கும் வண்டிகளுக்கும் இதுவே போதும். பழுதானாலும் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்து ஓடலாம் என்பது காட்டில் சிறிய வசதி அல்ல.

இரண்டாவது, டிசி-டிசி சார்ஜர். உள்ளே வரும் வோல்ற்றளவு ஏறினாலும் இறங்கினாலும், வெளியே இரண்டாம் பற்றரிக்கு அதன் வகைக்கேற்ற முறையான மின்னேற்றத்தைக் கொடுப்பது இது. கணினியால் ஒல்டர்னேற்றரைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளுக்கும், லித்தியம் பற்றரிக்கும் இதைத் தவிர வேறு வழியில்லை. பற்றரி நெடுந்தூரம் பின்னால் இருக்கும் டபுள் கப் வண்டிகளுக்கும் இதுவே நல்லது. இத்தகைய பாவனைக்கு 25 அம்பியர் அளவு போதும். விலை றிலேயைவிடப் பல மடங்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வண்டிக்காரர் அந்தப் பணத்தை நல்ல கேபிளில் போடலாம்.

வைக்கும் இடம்

பொனட்டுக்குக் கீழே இடமிருந்தாலும் அது சிறந்த இடமென்று சொல்ல முடியாது. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயஅமிலப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. நம் ஊரின் வெயிலுடன் இயந்திரத்தின் சூடும் சேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. லித்தியத்தை அங்கே வைக்கவே கூடாது. அமிலம் ததும்பும் சாதாரண பற்றரியை மூடிய வண்டியின் உள்ளே வைப்பதும் தவறு. மின்னேற்றத்தின்போது அது ஐதரசன் வாயுவை வெளிவிடும். ஒரு பொறி போதும், வெடிக்கும்.

பழைய டிஃபென்டரில் பற்றரிப் பெட்டி முன்பயணியின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. சிறிய அளவு ஏஜிஎம் ஒன்றையும் அதிலேயே அடக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நேர்முனையின்மேல் தடித்த இறப்பர் மூடி கட்டாயம் வேண்டும். மூடித் தகடு உலோகம். கனமான ஒருவர் இருக்கையில் அமர்ந்து, பள்ளத்தில் வண்டி விழும்போது அது வளைந்து முனையைத் தொட்டால், அந்த இடத்திலேயே தீப்பற்றும். மற்ற வண்டிகளில் பின்பக்கச் சுவரை ஒட்டிய தளம் வசதியானது.

100 அம்பியர்-மணி ஏஜிஎம் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. வண்டி கவிழ்ந்தாலோ மோதினாலோ அது பயணிகளின் தலையை நோக்கி வரும் என்பதை மனதில் வைத்து, இரும்புத் தட்டில் வைத்து, மேலே குறுக்குச் சட்டமிட்டு, தட்டை வண்டியின் அடிச்சட்டமான சசியுடனோ தடித்த குறுக்குச் சட்டத்துடனோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மெல்லிய தளத்தகட்டில்தான் போல்ட் போட முடியும் என்றால், கீழே அகலமான இரும்புத் தகடு வைத்து இறுக்குங்கள். இறப்பர் பட்டியால் கட்டுவது கட்டுவதே அல்ல.

கேபிளும் பியூசும்

பணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பிடிக்கிறார்கள். மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் இதுவே. முன்னாலிருந்து பின்னால் 5 மீற்றர் தூரம், போகவும் வரவும் சேர்த்து 10 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 25 அம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளில் ஏறத்தாழ 0.73 வோல்ற் வழியிலேயே தொலைந்துபோகும். 14.2 புறப்பட்டு 13.5ஆகப் போய்ச்சேர்ந்தால், ஏஜிஎம் பற்றரி நிறைய வெகுநேரம் பிடிக்கும். அதே தூரத்தில் 16 சதுர மில்லிமீற்றர் கேபிளில் இழப்பு 0.27 வோல்ற், 25 சதுர மில்லிமீற்றரில் 0.18க்கும் குறைவு. டிசி-டிசி சார்ஜருக்கு 16 போதும். றிலே வழியென்றால் 25 போடுங்கள், ஏனெனில் இறங்கிய பற்றரி இணைந்த முதல் நிமிடங்களில் மின்னோட்டம் வெகுவாக உயரும். கடையில் வாங்கும்போது உறையின் பருமனைப் பார்த்து ஏமாறாமல், வெட்டுமுகத்தில் செம்பு எவ்வளவு என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே தோற்றத்தில் விற்பனையாகிறது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

கடற்கரையோரம் ஓடும் வண்டிக்கு வெள்ளீயம் பூசிய செப்புக் கேபிள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரண செம்பில், லக் (கேபிளின் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) முடிந்து உறை தொடங்கும் இடத்து இடைவெளியால் உப்பீரம் உள்ளே ஏறும். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். உறையைக் கீறினால் இழைகள் களிம்பேறிப் பச்சையாகவும் கறுப்பாகவும் உதிரும். ஆகவே லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ரோலிக் கிறிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை பூசிய வெப்பச்சுருக்கக் குழாயை லக்கின் கழுத்திலிருந்து உறையின்மேல் இரண்டு அங்குலம் வரை போட்டுச் சூடாக்குங்கள். குழாயின் ஓரத்தில் பசை வளையமாகப் பிதுங்கி வந்தால் அடைப்புச் சரி. முதல் லக்கைத் துண்டுக் கேபிளில் அழுத்தி, வாளால் குறுக்கே அறுத்துப் பார்ப்பது வீண்செலவல்ல. இழைகளுக்கு இடையே துளைகள் தெரியாமல் ஒரே கட்டியான செம்பாகத் தெரிய வேண்டும்.

பியூஸ் ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் பலர். இந்தக் கேபிளின் இரு முனைகளிலும் பற்றரி இருக்கிறது. நடுவில் எங்காவது உறை தேய்ந்து சசியைத் தொட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்னோட்டம் பாயும். ஒரு பக்கப் பியூஸ் எரிந்தாலும் மறுபக்கப் பற்றரி ஆயிரம் அம்பியருக்கு மேல் கொடுத்துக் கேபிளையே அடுப்புக் கம்பியாக்கிவிடும். எனவே ஒவ்வொரு பற்றரியின் நேர்முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூஸ் வேண்டும். அளவு, கேபிள் தாங்குவதைவிடக் குறைவாகவும் வழக்கமான ஓட்டத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கட்டும்: 25 அம்பியர் சார்ஜருக்கு 40, 25 சதுர மில்லிமீற்றர் கேபிளும் றிலேயும் என்றால் 100.

கேபிளை நெளிகுழாய்க்குள் விட்டு, புகைபோக்கியிலிருந்தும் பிரேக் குழாயிலிருந்தும் விலக்கி, ஒவ்வொரு முக்கால் அடிக்கும் கட்டிக்கொண்டே போங்கள். தகட்டில் துளை போட்டு நுழைக்கும் இடத்தில் இறப்பர் வளையம் இல்லாமல் விட்டால், வெருகல் பாதையின் குலுக்கலில் தகட்டின் விளிம்பே கத்தியாக வேலைசெய்யும்.

மறைமுனையைச் சசியில் இணைக்கும் இடத்தில் பெயின்ரைச் சுரண்டி வெறும் உலோகத்தைப் பளபளக்கச் செய்து, பல்வாஷர் வைத்து இறுக்கியபின் மேலே மீண்டும் பெயின்ர் பூசுங்கள். புதிய வண்டிகளில் கிளப்பும் பற்றரியின் மறைமுனையில் சிறிய உணரி ஒன்று இருக்கும்; இரண்டாம் பற்றரியின் மறைக் கேபிளை அந்த முனையில் நேரே போட்டால் வண்டியின் கணினி தவறான கணக்குப் போடும். சசியில் போடுவதே சரி.

இணைக்கும் ஒழுங்கு

வேலை தொடங்குமுன் கிளப்பும் பற்றரியின் மறைமுனையை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பனர் தவறி உடற்தகட்டில் பட்டதும் பொறி பறக்கும். மோதிரம், மணிக்கூடு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பற்றரித் தட்டு, கேபிள், பியூஸ் பெட்டிகள், றிலே அல்லது சார்ஜர் எல்லாவற்றையும் இறுக்கி முடிக்கும்வரை பியூசுகளை அவற்றின் பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் வைத்திருங்கள். டிசி-டிசி சார்ஜரென்றால் பற்றரி வகையை அதன் ஆளியில் தெரிவுசெய்ய வேண்டும். புதிய வண்டியில், சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயர் ஒன்றையும் அதற்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் ஓடுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பிறகு இரண்டாம் பற்றரிக்கு நேர்முனை, அடுத்து மறைமுனை. கிளப்பும் பற்றரிக்கும் அதே ஒழுங்கு. பியூசுகள் கடைசியாக.

குளிர்ப்பெட்டியைச் சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகாதீர்கள். அதன் வயர் மெலிந்தது, தொடுகையும் தளர்ந்தது. கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் வோல்ற்றளவு விழ, பற்றரி நிறைந்திருக்கும்போதே பெட்டி 'பற்றரி இல்லை' என்று அணைந்துவிடும். இரண்டாம் பற்றரியிலிருந்து சிறிய பியூஸ் பலகை ஒன்றுக்கு வந்து, அங்கிருந்து 6 சதுர மில்லிமீற்றரில் தனி வழியும் 15 அம்பியர் பியூசும் கொடுங்கள். புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் மட்டும் இதில் சேராது. முழுச்சுமையில் அது 400 அம்பியர் வரை இழுக்கும் என்பதால் கிளப்பும் பற்றரியிலேயே, இயந்திரம் ஓடும்போது மட்டும் இயங்கட்டும்.

சோதித்தல்

இயந்திரம் ஓடாமல் சில மணிநேரம் ஓய்ந்திருக்கும்போது நிறைந்த ஈயஅமிலப் பற்றரி 12.6 முதல் 12.8 வரை காட்டும்; 12.1 அளவு என்றால் பாதி. அதைக் குறித்துக்கொண்டு இயந்திரத்தைக் கிளப்புங்கள். றிலே ஒட்டும் 'டக்' ஒலி சிறிது நேரத்தில் கேட்கும். உடனே இரண்டாம் பற்றரியிலும் வோல்ற்றளவு ஏற வேண்டும். இரண்டு பற்றரிகளுக்கும் இடையே 0.3க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால், மீற்றரின் இரு நுனிகளையும் ஒவ்வொரு இணைப்பின் இருபக்கமும் வைத்து அளந்துகொண்டே போனால் கள்ளன் எங்கேயென்று அகப்படும். பெரும்பாலும் அது பியூஸ் பெட்டியோ, மறைமுனையைச் சசியில் இறுக்கிய ஏர்த் போல்ட்டோதான். அரைமணிநேரம் ஓடியபின் லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் அந்த லக்கை வெட்டியெறிந்து புதிது போடுங்கள்.

இயந்திரத்தை நிறுத்தி, றிலே பிரிந்த பின்னர், குளிர்ப்பெட்டியை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் இரண்டாம் பற்றரி இறங்கியிருக்க வேண்டும். கிளப்பும் பற்றரி மாலையில் ஓய்ந்து நின்ற அளவிலேயே இருக்க வேண்டும். இந்தச் சோதனையை வீட்டு வாசலில் செய்துவிட்டே காட்டுப்பக்கம் போங்கள்.

ஓட்டமும் பராமரிப்பும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கு ஓடும் 15 கிலோமீற்றரில் பாதி இறங்கிய பற்றரி நிறையுமென்று எதிர்பார்க்காதீர்கள். அரைமணிநேரத்தில் 25 அம்பியர் சார்ஜர் 12 அம்பியர்-மணி மட்டுமே கொடுக்கும். ஈயஅமிலப் பற்றரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறைவதற்கே பல மணிநேரம் பிடிக்கும். கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் ஓட்டம் அதற்குப் போதும்; ஊருக்குள் ஓடும் ஓட்டம் போதாது. குறுகிய ஓட்டக்காரர் 100 வாற் சூரியத்தகடு ஒன்றைச் சேர்த்தால், வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 25 முதல் 30 அம்பியர்-மணி வரை கிடைக்கும். கூரையில் நிலையாகப் பதித்தால் வண்டியை வெயிலில் நிறுத்த நேரும், குளிர்ப்பெட்டியும் அதற்கேற்ப மின்னைக் கூடுதலாகக் குடிக்கும்; மடித்து எடுத்துச்செல்லும் தகடு வாங்கினால் வண்டி நிழலிலும் தகடு வெயிலிலும் இருக்கலாம்.

கரையில் ஓடி வந்த மறுநாள் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவும்போது ஏர்த் போல்ட்டையும் கவனியுங்கள். முனைகளில் வெண்பச்சைப் பொடி பூத்திருந்தால் வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, இறுக்கியபின் வாசலின் பூசுங்கள், பூசிவிட்டு இறுக்குவதல்ல. மாரி காலத்தில் வண்டி வாரக்கணக்கில் நிற்குமானால் இரண்டாம் பற்றரியின் சுமைப் பக்கப் பியூசைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை வீட்டு மின்னில் இயங்கும் சார்ஜரால் ஓரிரவு ஏற்றி வையுங்கள்.